சோம்பல் என்று சொல்லுமுன்

சிவப்பு மையால் நான் எழுதிய ஒரு சொல்லைப் பற்றி இம்மாதம் எழுத விரும்புகிறேன். 'கவனக்குறைவு' என்பதே அந்தச் சொல். எல்லா ஆசிரியர்களும் எழுதுவதுதான். உங்கள் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினால் நாலைந்து இடத்திலாவது கண்ணில் படும். ஆனால் ஒரு மாணவியின் நோட்டில் அதை எழுதியதற்காக நான் இன்றும் வருந்துகிறேன்.

2018ஆம் ஆண்டு ஜூன் மாதம். பன்னிரண்டாம் வகுப்புக்குக் கணக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் முந்திய ஆண்டு வகுப்பில் முதலாவதாக இருந்தவள். நான் கரும்பலகையில் கணக்கை எழுதி முடிப்பதற்குள் விடையைச் சொல்லிவிடுவாள். அந்த ஆண்டு என்னவோ ஆயிற்று. கேள்வியில் 37 என்று இருந்தால் நோட்டில் 73 என்று எழுதினாள். ஒரு வரியில் இருந்த கழித்தல் குறி அடுத்த வரியில் காணாமற் போயிற்று. பாதிக் கணக்கில் பேனாவை வைத்துவிட்டு, எதற்காக இந்த வரியை எழுதினோம் என்பதுபோல் விழித்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் பக்கத்து மாணவியிடம் ஸ்கேல் கேட்க வேண்டியிருந்தது. சொல் வரவில்லை. "அது... நேரா கோடு போடுமே, அது" என்றாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

சில நாள்களில் பழையபடி நன்றாகவே போடுவாள். அதுதான் என்னை ஏமாற்றியது. "நேற்று முடிந்தது இன்று ஏன் முடியவில்லை? சோம்பல்தானே?" என்று அவளிடமே கேட்டேன். பதில் சொல்லாமல் நின்றாள். அன்றுதான் அந்தச் சொல்லை எழுதினேன்.

ஆகஸ்டில் காய்ச்சல் வந்தது. விரல் மூட்டுகள் வீங்கின. முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. இரு கன்னங்களிலும் மூக்குத் தண்டின் மேலும் வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தாற்போல் சிவந்த தடிப்பு. வெயிலில் வந்தது என்று வீட்டில் நினைத்தார்கள். இரண்டு மாதம் பல மருத்துவர்களைப் பார்த்து அலைந்த பிறகு, ஒரு கோப்பு நிறையக் காகிதங்களுடன் அவளுடைய தாயார் பள்ளிக்கு வந்தார். "பேரே வாயில நுழையலைங்க சார். லூபஸாம். மூளையையும் தொட்டிருக்குன்னு டாக்டர் சொல்றார்" என்றார்.

மூளையைத் தொடுவது என்றால் என்ன? அதைப் புரிந்துகொண்டால்தான் நான் பிறகு சொல்லப்போகும் கருத்தை நீங்கள் எடைபோட முடியும்.

லூபஸ் என்பது இலத்தீன் மொழியில் ஓநாயைக் குறிக்கும். ஓநாய் கடித்தாற்போல் முகத்தில் தோன்றிய புண்களுக்கு ஐரோப்பிய மருத்துவர்கள் இடைக்காலத்தில் வைத்த பெயர் அது. வெகுகாலம் இதைத் தோல் நோய் என்றே எண்ணியிருந்தார்கள். 1872இல் வியன்னா நகரத்து மருத்துவர் மோரிட்ஸ் கபோசி, இது உடலின் உள்ளுறுப்புகளையும் தாக்குகிறது என்று எழுதினார். அதன் பிறகு வில்லியம் ஆஸ்லர் என்ற புகழ்பெற்ற மருத்துவர் இதயம், நுரையீரல், சிறுநீரகம் ஆகியவற்றோடு மூளையும் பாதிக்கப்படுவதைக் குறித்து வைத்தார். 1948இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் மால்கம் ஹார்கிரேவ்ஸ் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் இந்நோயாளிகளின் எலும்பு மச்சையில் ஒரு விசித்திரமான செல்லைக் கண்டார்கள். ஒரு வெள்ளணு, வேறொரு செல்லின் உட்கருவை விழுங்கி வைத்திருந்தது. உடல் தன்னையே தின்னும் காட்சி அது.

நம் உடலில் கிருமிகள் நுழைந்தால் அவற்றைப் பிடிக்க எதிர்ப்பொருள்கள் என்னும் புரதங்கள் உண்டாகின்றன. லூபஸ் நோயில் இவை தன் உடலின் செல்களையே, குறிப்பாக உட்கருவில் உள்ள டி.என்.ஏ. போன்ற பொருள்களையே, பகை என்று எண்ணித் தாக்குகின்றன. வேலியே பயிரை மேய்வது என்பது இதற்கு நன்றாகப் பொருந்தும். நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். பெரும்பாலும் 15 வயதுக்கும் 45 வயதுக்கும் இடையில் தொடங்குகிறது. இது ஒட்டுவாரொட்டி நோய் அன்று. பக்கத்தில் உட்கார்ந்தால் வராது, தட்டைப் பகிர்ந்தாலும் வராது. இதை இரண்டு முறை சொல்ல வேண்டும், ஏனென்றால் அவளுடைய பெஞ்சில் சில வாரங்கள் யாரும் உட்காரவில்லை.

மூளைக்கு வருவோம். மூளைக்குச் செல்லும் நுண் இரத்தக் குழாய்களின் சுவர், உடலின் பிற இடங்களில் இருப்பதைவிட மிக நெருக்கமாகப் பின்னப்பட்டது. இரத்தத்தில் மிதக்கும் பெரிய மூலக்கூறுகளை இது உள்ளே விடுவதில்லை. இதற்கு இரத்த-மூளைத் தடுப்பு என்று பெயர். எதிர்ப்பொருள்களும் பொதுவாக இத்தடுப்பைத் தாண்டமாட்டா. அப்படியானால் லூபஸ் எவ்வாறு மூளையைத் தொடுகிறது?

ஒரு வழி, இரத்தக் குழாய் வழியே. சில நோயாளிகளின் எதிர்ப்பொருள்கள் இரத்தத்தை எளிதில் உறையச் செய்கின்றன. 1983இல் லண்டனில் கிரஹாம் ஹியூஸ் என்ற மருத்துவர் இதை விவரித்தார். மூளைக் குழாயில் இரத்தம் உறைந்தால் இளம் வயதிலேயே பக்கவாதம் வரலாம்.

மற்றொரு வழியைக் கண்ட கதை சுவையானது. நம் நினைவாற்றலுக்கு அடிப்படையான வாயில்கள் சில, நரம்பு செல்களின் மேற்பரப்பில் உள்ளன. என்.எம்.டி.ஏ. ஏற்பிகள் என்று அவற்றைச் சொல்வார்கள். டி.என்.ஏ.வைத் தாக்கும் லூபஸ் எதிர்ப்பொருள்களில் ஒரு வகை, இந்த வாயில்களிலும் போய் ஒட்டிக்கொள்கிறது என்று 2001இல் நியூயார்க் நகரத்து ஆய்வாளர் பெட்டி டயமண்டும் அவருடைய குழுவினரும் அறிவித்தார்கள். ஒரு பூட்டுக்குச் செய்த சாவி இன்னொரு பூட்டிலும் நுழைந்துவிட்டது போல. பிறகு அவர்கள் சுண்டெலிகளின் இரத்தத்தில் இந்த எதிர்ப்பொருள் உண்டாகும்படி செய்தார்கள். என்ன நடந்தது தெரியுமா? ஒன்றும் நடக்கவில்லை. தடுப்புச் சுவர் காத்தது. ஆனால் பாக்டீரியாவிலிருந்து எடுத்த ஒரு நச்சுப்பொருளைச் செலுத்தித் தடுப்பைத் தளர்த்தியதும், எதிர்ப்பொருள் உள்ளே புகுந்து, நினைவுகளைப் பதிவு செய்யும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியின் நரம்பு செல்களைக் கொன்றது. எலிகள் நினைவுச் சோதனையில் தடுமாறின. இது 2004இல். நச்சுப்பொருளுக்குப் பதிலாக அட்ரினலின் கொடுத்தபோது சேதம் வேறோர் இடத்தில், அச்சத்தை ஆளும் அமிக்டலா என்ற பகுதியில் ஏற்பட்டது. இது 2006இல். அட்ரினலின் என்பது நாம் பயந்து நடுங்கும்போது உடலில் சுரப்பதாயிற்றே! எலிக்கு நடந்தது அப்படியே மனிதருக்கும் நடக்கும் என்று சொல்லிவிட முடியாது. இருந்தாலும் அந்தப் பெண்ணை வகுப்பின் நடுவில் நிறுத்தி நான் அதட்டியது இதைப் படித்தபோது நினைவுக்கு வந்தது.

இன்னொன்றும் உண்டு. மூளையைத் துப்புரவு செய்யும் மைக்ரோகிளியா என்ற செல்கள், லூபஸ் கண்ட எலிகளில் அளவுக்கு மீறி வேலை செய்து, நல்ல நரம்பு இணைப்புகளையும் விழுங்கிவிடுவதாக 2017இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. இவை தவிர, நோயை அடக்கக் கொடுக்கும் ஸ்டீராய்டு மருந்தும் அளவு கூடினால் தூக்கத்தைக் கெடுக்கும், மனநிலையை ஆட்டிவைக்கும். எது நோயால் வந்தது, எது மருந்தால் வந்தது, எது கவலையால் வந்தது என்று பிரித்தறிவது மருத்துவர்களுக்கே கடினமான வேலை.

லூபஸ் நரம்பு மண்டலத்தில் உண்டாக்கும் கோளாறுகளை அமெரிக்க மூட்டுநோய் மருத்துவர்களின் கல்லூரி 1999இல் 19 வகையாகப் பட்டியலிட்டது. தலைவலி, வலிப்பு, பக்கவாதம், மனச்சோர்வு, மனப்பிறழ்வு எல்லாம் அதில் வருகின்றன. திடீரென வலிப்பு கண்டாலோ, ஒரு பக்கம் செயலிழந்தாலோ, பேச்சு குழறினாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும். இவற்றை எல்லோரும் நோய் என்று ஒப்புக்கொள்வார்கள். பட்டியலில் ஒப்புக்கொள்ளப்படாத ஒன்று உண்டு. கவனம், நினைவு, சிந்தனை வேகம் ஆகியவற்றில் ஏற்படும் குறை. முறையாகச் சோதித்த ஆய்வுகள் பலவற்றில், லூபஸ் உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இது காணப்பட்டிருக்கிறது. எம்.ஆர்.ஐ. படத்தில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது.

ஒரு சிறு சோதனை. 7, 2, 9, 4, 1. இவ்வெண்களை ஒருமுறை படித்துவிட்டு, புத்தகத்தை மூடிக்கொண்டு, தலைகீழாகச் சொல்லுங்கள். உங்களில் பலர் சரியாகச் சொல்லியிருப்பீர்கள். அப்போது மனத்துக்குள் ஒரு சிறு சிலேட்டில் அந்த எண்களை எழுதி வைத்துக்கொண்டு கடைசியிலிருந்து படித்தீர்கள் அல்லவா? செயல் நினைவு என்பது அந்தச் சிலேட்டுத்தான். கணக்குப் போடுவதும், நீண்ட வாக்கியத்தைப் புரிந்துகொள்வதும், ஆசிரியர் சொல்லச் சொல்லக் குறிப்பு எடுப்பதும் அதில்தான் நடக்கின்றன. லூபஸ் மூளையைத் தொட்டவர்களுக்கு இந்தச் சிலேட்டு சிறுத்துவிடுகிறது. பாதியில் யாரோ ஈரத் துணியால் துடைத்தாற்போல் எழுத்து அழிகிறது. ஆனால் படித்து முன்பே சேர்த்துவைத்த அறிவு பெரும்பாலும் அலமாரியில் அப்படியே இருக்கிறது. எடுத்து வரத்தான் நேரம் பிடிக்கிறது. சில நாள் அதிகம், சில நாள் குறைவு. நோயின் சீற்றம் ஏறி இறங்குவதற்கு ஏற்ப இதுவும் ஏறி இறங்கும். நேற்று முடிந்தது இன்று ஏன் முடியவில்லை என்ற என் கேள்விக்கு விடை அதுதான்.

(இதைப் படித்துவிட்டு, நேற்றுப் படித்த பாடம் மறந்துபோன நண்பர்கள் எல்லாரும் தமக்கும் லூபஸ் என்று வீட்டில் சொல்ல வேண்டாம். மறதிக்கு ஆயிரம் காரணம் உண்டு. அவற்றுள் முதலாவது, படிக்காமலிருப்பது.)

அவள் எப்படிச் சமாளித்தாள்? அவளே கண்டுபிடித்த வழிகள் பல. சட்டைப்பையில் அடங்கும் சிறு நோட்டு ஒன்று எப்போதும் உடன் இருக்கும். செய்ய வேண்டியதை எழுதி, முடித்ததும் அடிப்பாள். 'சாப்பிட்டாயிற்று' என்றுகூட அதில் இருக்கும். எழுந்து இரண்டு மணி நேரம் மூளை தெளிவாக இருப்பதைக் கவனித்து, கணக்கை அந்த நேரத்துக்கு மட்டும் ஒதுக்கினாள். மாலையில் படமும் மொழிப்பாடமும். ஒவ்வொரு கணக்கிலும் ஒவ்வொரு வரிக்கும் எண்ணிட்டு, எந்த வரியில் நிற்கிறோம் என்பதற்கு ஒரு புள்ளி வைத்துக்கொள்வாள். மாத்திரைக்கு ஏழு அறைகள் கொண்ட டப்பா. அம்மா எதிரே உட்கார்ந்து அன்றன்றைய பாடத்தைக் கதைபோல் கேட்பார். எட்டாவது வரை படித்த அந்த அம்மாளுக்கு இன்று தொகை நுண்கணிதத்தின் பெயராவது தெரியும்.

மாத்திரை என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. இந்நோயாளிகள் பெரும்பாலோர் நாள்தோறும் விழுங்குவது ஹைட்ராக்சிகுளோரோகுவின். மலேரியா மருந்தாகிய குளோரோகுவினின் நெருங்கிய உறவு. லூபஸின் சீற்றத்தை அடக்கிவைக்க மருத்துவர்கள் பல பத்தாண்டுகளாக நம்பியிருக்கும் மருந்து. 2020இல் இது கொரோனாவைத் தடுக்கும் என்று ஒரு பேச்சுக் கிளம்பியதும், தேவையில்லாதவர்களெல்லாம் வாங்கிப் பதுக்கினார்கள். தேவையானவர்களுக்குக் கிடைக்கவில்லை. கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த அவளுக்காக நானும் ஆறு மருந்துக் கடைகள் ஏறி இறங்கினேன். கொரோனாவுக்கு அது பயன்படாது என்று பின்னர் நடந்த பெரிய ஆய்வுகள் காட்டின.

இப்போது என் கருத்தைச் சொல்கிறேன்.

2019 மார்ச் பொதுத்தேர்வில் அவளுக்குக் கணக்குத் தாளில் கடைசி இரண்டு பெரிய கணக்குகளைத் தொடவே நேரம் இருக்கவில்லை. மதிப்பெண் குறைந்தது. விரும்பிய படிப்பும் கிடைக்கவில்லை. கோடை விடுமுறையில் ஒரு காலை அதே இரண்டு கணக்குகளை அவளிடம் கொடுத்து, கடிகாரத்தைத் திருப்பி வைத்துவிட்டு, "நிதானமாப் போடும்மா" என்றேன். நாற்பது நிமிடத்தில் இரண்டையும் பிழையின்றிப் போட்டாள். அப்படியானால் அந்தத் தேர்வு அளந்தது எதை? அவளுடைய கணித அறிவையா, மார்ச் மாதத்து ஒரு நாளில் அவளுடைய மூளை ஓடிய வேகத்தையா?

பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கும் கற்றல் குறைபாடு உள்ளவர்களுக்கும் நாம் கூடுதல் நேரம் தருகிறோம். மிகச் சரி. இவளுக்கும் தாருங்கள் என்று தேர்வுக்கு முன்பே கேட்டோம். கேட்ட இடத்தில் பட்டியலைக் காட்டினார்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, இருபத்தொரு வகைக் குறைபாடுகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அதில் லூபஸ் என்ற பெயர் இல்லை. நாட்பட்ட நரம்பியல் நிலைகள் என்று ஒரு வகை உண்டு. அதைச் சொன்னால் எத்தனை விழுக்காடு என்று கேட்டார்கள். அவளுக்குக் கை இருக்கிறது, கால் இருக்கிறது, ஸ்கேன் படம் சுத்தமாக இருக்கிறது. எதை அளந்து விழுக்காடு போடுவது?

2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் கோளாறு உள்ள ஒரு தேர்வர், குடிமைப் பணித் தேர்வில் தமக்குப் பதிலாக எழுத ஒருவர் வேண்டும் என்று கேட்ட வழக்கு அது. 40 விழுக்காட்டுக் குறைபாடு இருந்தால்தான் அந்த உதவி என்று சொல்லக்கூடாது என்று நீதிமன்றம் கூறியது. அத்தீர்ப்பு வந்தபோது இவள் பள்ளியை விட்டுப் போய் ஏறக்குறைய இரண்டு ஆண்டு ஆகியிருந்தது. ஆனால் அதன் நியாயம் இவளைப் போன்றவர்களுக்கும் பொருந்தும் என்றே நான் கருதுகிறேன். நோயின் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று பார்ப்பதை விட்டு, இந்த மாணவருக்கு இந்தத் தேர்வில் எது தடை, எதைக் கொடுத்தால் அந்தத் தடை நீங்கும் என்று பார்க்க வேண்டும். நோய்க்கு மருத்துவர் சான்று தரட்டும். வேகக் குறைவை, அதற்கென்றே உள்ள உளவியல் சோதனைகள் காட்டட்டும்.

"எல்லாரும் மறதி என்று சான்றிதழ் வாங்கிக்கொண்டு வந்துவிடுவார்களே?" என்று என்னுடன் வேலை பார்த்த ஓர் ஆசிரியர் கேட்டார். சிலர் வரலாம். ஆனால் பாடம் தெரியாதவனுக்கு ஒரு மணி நேரம் அதிகம் கொடுத்தால் அவன் என்ன செய்வான்? ஒரு மணி நேரம் அதிகமாக உட்கார்ந்திருப்பான். ஏமாற்றும் நாலு பேருக்காக உண்மையில் நோயுற்ற ஒருத்தியைத் தண்டிப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. எல்லா மாணவருக்குமே கொஞ்சம் தாராளமாக நேரம் கொடுத்துத் தேர்வு வைத்தால் இந்தச் சான்றிதழ்த் தொல்லையே பாதி குறையும் என்பதும் என் எண்ணம். நடைமுறையில் எளிதன்று என்பதை அறிவேன்.

இன்னொன்றுக்குச் சட்டமும் தேவையில்லை, தீர்ப்பும் தேவையில்லை. லூபஸ் நோயாளிகள் பலருக்கு வெயில் ஆகாது. சூரிய ஒளியில் உள்ள புறஊதாக் கதிர்கள் தோல் செல்களைச் சிதைக்க, உள்ளிருக்கும் பொருள்கள் வெளிப்பட்டு நோயைச் சீண்டிவிடும். எங்கள் பள்ளியில் காலை வழிபாட்டுக் கூட்டம் திறந்த மைதானத்தில் கிழக்கு வெயிலைப் பார்த்து நடக்கும். அவள் வரிசையில் நிற்காமல் வராந்தாவில் நின்றதற்காக, நோயின் பெயர் தெரியுமுன், இருமுறை தண்டிக்கப்பட்டாள். உடற்பயிற்சி வகுப்பிலும் அதே கதை.

உங்கள் வகுப்பிலும் இப்படி ஒருவர் இருக்கலாம். லூபஸாக இல்லாவிட்டால் வலிப்புக்கு மருந்து உண்பவராக, தலையில் அடிபட்டு மீண்டவராக இருக்கலாம். அவர் ஒரு சொல்லைத் தேடித் திணறினால் நீங்கள் முந்திக்கொண்டு எடுத்துக் கொடுக்க வேண்டியதில்லை. காத்திருங்கள். சிரிக்காதீர்கள். வராத நாளின் குறிப்புகளை எழுதிக் கொடுங்கள். "பார்த்தால் நல்லாத்தானே இருக்கே?" என்று மட்டும் கேட்காதீர்கள். அவளை அதிகம் நோகச் செய்தது அந்தக் கேள்விதான் என்று பின்னாளில் என்னிடம் சொன்னாள்.

மூன்று ஆண்டுப் பட்டத்தை அவள் ஐந்து ஆண்டில் முடித்தாள், கணிதத்திலேயே. இடையில் இருமுறை மருத்துவமனையில் சேர வேண்டியிருந்தது. இக்கட்டுரையை அச்சுக்கு அனுப்புமுன் அவளிடம் படிக்கக் கொடுத்தேன். 'மறதி நோய்' என்று நான் எழுதியிருந்த ஓர் இடத்தை அடித்துவிட்டு, "மறக்கலை சார், எடுக்க லேட்டாகுது, அவ்வளவுதான்" என்றாள். அலமாரி உவமை அதிலிருந்து வந்ததுதான்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்திய ஆண்டு எங்கள் பள்ளியின் காலைக் கூட்டம், மைதானத்தின் மேற்குக் கோடியில் உள்ள வேப்பமரங்களின் நிழலுக்கு மாற்றப்பட்டது. தலைமையாசிரியர் ஒரு வார்த்தை மறுக்கவில்லை. தேர்வு நேரம் பற்றி நான் எழுதிய மனுக்கள் மூன்று. அவற்றுள் ஒன்றுக்கு, பரிசீலனையில் உள்ளது என்று பதில் வந்திருக்கிறது.